நடுக்குவாதமும் குடலும்: இருநூறாண்டு ஆராய்ச்சி வரலாறு

நோய்கள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகும் அறிகுறியைக் கொண்டே பெயர் பெறுகின்றன. உடல் மஞ்சளித்தால் மஞ்சட்காமாலை. கால் பெருத்தால் யானைக்கால். கை நடுங்கினால் நடுக்குவாதம். பெயர் வைப்பதற்கு இம்முறை எளிது. ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. பெயரில் இடம்பெற்ற அறிகுறியே நோயின் முழு உருவம் என்று மக்களும், சில வேளைகளில் மருத்துவர்களும் எண்ணிவிடுகின்றனர். பெயரில் இடம்பெறாத அறிகுறிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டு, நாளடைவில் மறக்கப்படுகின்றன.

நடுக்குவாதத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். மேலை நாட்டார் பார்க்கின்சன் நோய் என வழங்கும் இந்நோயில் கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை குறுகும், இயக்கம் யாவும் மெல்ல மெல்லத் தளரும். இவை பலரும் அறிந்தவை. ஆனால் இந்நோயாளருள் பலர், நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மலச்சிக்கலால் துன்புற்றிருந்தனர் என்னும் செய்தி அண்மைக் காலத்திலேதான் ஆராய்ச்சியாளரின் கருத்தை முழுமையாக ஈர்த்தது. இத்தனைக்கும் இந்நோயைத் தனியொரு நோயாக வகுத்துக்காட்டிய முதல் நூலிலேயே குடலைப் பற்றிய குறிப்பு இடம்பெற்றிருந்தது. அக்குறிப்பு எவ்வாறு மறக்கப்பட்டது, எவ்வழியே மீண்டு வந்தது என்பது மருத்துவ வரலாற்றில் கற்றறியத்தக்க ஒரு பகுதியாகும்.

இலண்டன் மருத்துவரின் சிறு நூல்

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் இலண்டன் நகரையடுத்த ஹாக்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையார் மருத்துவர், மகனும் பின்னர் மருத்துவரானார். பார்க்கின்சன் மருத்துவத் தொழிலோடு நின்றவரல்லர். எளிய மக்களுக்கு அரசியல் உரிமை வேண்டும் என்று புனைபெயரில் சிறு நூல்கள் எழுதினார். 1794-ஆம் ஆண்டில், மன்னரைக் கொல்லச் சதி செய்ததாகச் சிலர்மீது குற்றம் சாட்டப்பட்டபோது அரசவையினரால் விசாரிக்கப்பட்டார். புதைபடிவங்களைத் திரட்டி ஆராய்ந்து மூன்று பெருந்தொகுதிகள் வெளியிட்டார். 1807-இல் இலண்டன் நிலவியல் கழகத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர்.

1817-ஆம் ஆண்டில், தம் அறுபத்திரண்டாம் வயதில், நடுக்குவாதத்தைப் பற்றி 66 பக்கங்கள் கொண்ட சிறு நூல் ஒன்றை அவர் வெளியிட்டார். அதற்கு அடிப்படையாக அமைந்தவர்கள் அறுவரே. அவர்களுள் ஒருவர் தோட்டக்காரர். மற்றொருவர் முன்னாள் மாலுமி. இருவரை அவர் தெருவில் வழிமறித்து வினவினார். ஒருவரைத் தொலைவிலிருந்து கண்டதோடு சரி. எனினும், அவர் வரைந்த நோயின் உருவம் இன்றும் மருத்துவர்களால் பாராட்டப்படுகிறது. கை ஓய்ந்திருக்கும்போது நடுங்குவதையும், உடல் முன்சாய்ந்து நடை ஓட்டமாக மாறுவதையும், உமிழ்நீர் வடிவதையும், விழுங்குவதில் ஏற்படும் இடர்ப்பாட்டையும் அவர் முறையாக எழுதினார்.

அவற்றோடு, இந்நோயாளரின் குடல் மந்தமாகிவிடுகிறது என்பதையும் அவர் குறித்தார். நோய் முதிரும்போது வலிமையான பேதி மருந்துகள் தேவைப்படுகின்றன என்றும், சில வேளைகளில் மருந்தும் பயன்படாமல் கருவி கொண்டே மலத்தை வெளியேற்ற நேர்கிறது என்றும் தெளிவாகச் சொன்னார். அந்நாளில் இலண்டனில் புகழ்பெற்று விளங்கிய அறுவை மருத்துவர் ஜான் அபர்னெத்தி, பல நோய்களுக்கு இரைப்பை, குடல் ஆகியவற்றின் சீர்கேடே மூலம் என்று கற்பித்து வந்தார். அக்கருத்தை ஒட்டி, குடலின் சீர்கேடு எவ்வழியே தண்டுவடத்தைத் தாக்குகிறது என்று காட்ட இயலாவிடினும், அவ்வாறு நேரக்கூடும் என்பதைப் பார்க்கின்சன் ஏற்றுக்கொண்டார். நோயின் இருப்பிடம் கழுத்துப் பகுதித் தண்டுவடமாகவும், அதற்கு மேலுள்ள முகுளமாகவும் இருக்கலாம் என்பது அவர் ஊகம். தம் கருத்தை ஊகம் என்றே அவர் ஒப்புக்கொண்டார். உடலை அறுத்து ஆராயும் வல்லுநர்கள் உண்மையைக் கண்டறிய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

முகுளம், குடல் ஆகிய இவ்விரு சொற்களையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்வரும் வரலாறு முழுவதும் இவற்றைச் சுற்றியே அமைகிறது.

பாரிசு நகரில் பெயர் சூட்டல்

பார்க்கின்சன் 1824-இல் மறைந்தார். அவர் நூல் நெடுநாள் பெரிதாகப் பேசப்படவில்லை. பாரிசு நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் சார்க்கோ என்னும் நரம்பியல் அறிஞர் 1860-களிலும் 1870-களிலும் இந்நோயை விரிவாக ஆராய்ந்தார். நடுக்கம் வேறு, விறைப்பு வேறு, இயக்கத் தளர்ச்சி வேறு என்று அவர் பகுத்துக் காட்டினார். நோயாளியின் தசை வலிமையிழப்பதில்லை. ஆகவே இதனை வாதம் என்பது பொருந்தாது என்றார். நோயை முதன்முதல் விளக்கியவரின் பெயராலேயே அதனை அழைக்கவேண்டும் என்றும் முன்மொழிந்தார். பார்க்கின்சன் நோய் என்னும் வழக்கு இவ்வாறே வேரூன்றியது.

சார்க்கோ செய்த தொண்டு பெரிது. ஆயின் அவர் காலமுதல் மருத்துவ உலகின் பார்வை இயக்கத்தின்மேல் நிலைபெற்றது. கை எவ்வாறு நடுங்குகிறது, கால் எவ்வாறு தடுமாறுகிறது என்பவையே ஆராய்ச்சிப் பொருள்களாயின. குடலின் மந்தத்திற்கு வேறு விளக்கங்கள் எளிதில் கிடைத்தன. நோயாளி முதியவர், நடமாட்டம் குறைந்தவர், உணவும் நீரும் குறைவாகக் கொள்பவர். மேலும் அந்நாளில் நடுக்கத்தைக் குறைப்பதற்குக் குரோசாணி ஓமம் போன்ற செடிகளிலிருந்து எடுத்த மருந்துகள் கொடுக்கப்பட்டன. இவ்வகை மருந்துகள் வாயை உலர்த்தும், மலத்தையும் கட்டும். ஆகவே மலச்சிக்கல் நோயின் பகுதியன்று. அது முதுமையின் பயன், அல்லது மருந்தின் பயன் என்று கொள்ளப்பட்டது. விளக்கம் பொருத்தமாகத் தோன்றியதால் ஆராய்ச்சி நின்றது.

வயிற்றிலுள்ள நரம்பு மண்டலம்

இதே காலத்தில் செருமனியிலும் இங்கிலாந்திலும் வேறோர் ஆராய்ச்சி தனியே நடந்துவந்தது. 1857-இல் கியார்க் மைஸ்னர் என்பவர் குடற்சுவரின் உட்படலத்தை ஒட்டி ஒரு நரம்புப் பின்னலைக் கண்டார். 1860-களில் லியோபோல்டு அவர்பாக் என்பவர் குடலின் தசை அடுக்குகளுக்கிடையே மற்றொரு பின்னலைக் கண்டார். உணவுக்குழாய் முதல் மலக்குடல் வரை, இவ்விரு பின்னல்களும் வலைபோல் பரந்து கிடக்கின்றன. அவற்றிலுள்ள நரம்பணுக்களின் எண்ணிக்கை பத்துக் கோடிக்கும் மேலாகும்.

1899-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பின்னரும் குடல் தன் உணவை முறைப்படி முன்னே தள்ளுவதை விலங்குகளில் செய்து காட்டினர். உணவு நிற்குமிடத்திற்கு மேலே குடல் சுருங்கும், கீழே தளரும், உணவு நகரும். இதற்கு மூளையின் ஆணை வேண்டியதில்லை. 1921-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் லாங்லி, இப்பின்னல்களைக் குடல் நரம்பு மண்டலம் எனத் தனியாகவே வகைப்படுத்தினார்.

தனியே இயங்க வல்லதாயினும் குடல் மூளையோடு தொடர்பற்றதன்று. இரண்டையும் இணைக்கும் தலையாய பாதை வேகஸ் நரம்பு ஆகும். வேகஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு அலைவது என்பது பொருள். முகுளத்தில் தோன்றி, கழுத்து வழியாக இறங்கி, நெஞ்சையும் வயிற்றையும் கிளைவிட்டுத் தொடுவதால் அதற்கு அப்பெயர். அதன் இழைகளுள் ஏறத்தாழ பத்தில் எட்டு, மூளையின் ஆணையைக் கீழே கொண்டு செல்பவை அல்ல. குடல் முதலிய உறுப்புகளின் செய்தியை மேலே மூளைக்குக் கொண்டு செல்பவை. மூளை அரசன், வயிறு ஏவலன் என்று நெடுநாளாகக் கொண்டிருந்த எண்ணத்தை இக்கணக்கு ஒன்றே அசைத்துவிடுகிறது.

லூயி கண்ட உருண்டைகள்

நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையில் என்ன காணப்படுகிறது? இவ்வினாவுக்கு முதல் விடை தந்தவர் பிரீட்ரிக் லூயி. 1885-இல் பெர்லினில் பிறந்த இவர், மியூனிக் நகரில் அல்சைமரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். இறந்தோரின் மூளைத் துண்டுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது சில நரம்பணுக்களுக்குள் உருண்டை வடிவான திரள்கள் இருப்பதைக் கண்டு, 1912-இல் அவற்றை விளக்கி எழுதினார். அவர் அவற்றைக் கண்ட இடங்களுள் ஒன்று முகுளத்திலுள்ள வேகஸ் நரம்பின் பிறப்பிடமாகும். குடலுக்கு இறங்கும் நரம்பு தோன்றும் இடத்திலேயே நோயின் தடயம் தென்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பார்க்கின்சன் ஊகித்த முகுளமும் அதுவே.

ஆனால் வரலாறு வேறு திசையில் திரும்பியது. 1919-இல், சார்க்கோ பணியாற்றிய அதே சால்பெத்ரியேரில், உருசிய நாட்டு மருத்துவர் கான்ஸ்தந்தீன் திரெத்தியாக்கோவ் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். மூளைத்தண்டின் மேற்பகுதியில் கருநிறமாகத் தோன்றும் ஒரு பகுதி உண்டு; அதனைக் கரும்பொருள் என்பர். நடுக்குவாத நோயாளரிடம் அப்பகுதியின் அணுக்கள் அழிந்திருப்பதையும், எஞ்சியவற்றுள் லூயி கண்ட உருண்டைகள் இருப்பதையும் அவர் காட்டினார். அவற்றிற்கு லூயியின் பெயரைச் சூட்டியவரும் அவரே. கண்டுபிடிப்பு சரியானது. ஆயினும், நோயின் இருப்பிடம் கரும்பொருள் என்று உறுதிப்பட்டவுடன் வேகஸ் நரம்பின் பிறப்பிடம் புறக்கணிக்கப்பட்டது.

லூயி யூதர். ஆகவே, 1933-இல் நாட்சிகள் ஆட்சிக்கு வந்ததும் செருமனியை விட்டு வெளியேறினார். பின்னர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் குடியேறி, 1950-இல் அந்நாட்டிலேயே மறைந்தார்.

1960: இரண்டு கண்டுபிடிப்புகள்

1957-இல் சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன் ஒரு சோதனை செய்தார். சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கப்படும் ரெசர்பின் மருந்தால் அசைவற்றுப் போன முயல்களுக்கு டோபா என்னும் பொருளைச் செலுத்தியபோது அவை மீண்டும் எழுந்து நடமாடின. டோபா மூளையில் டோபமின் என்னும் பொருளாக மாறுகிறது. இதற்கு மூன்றாண்டுகளுக்குப்பின், 1960-இல் வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகீவிச் என்னும் இருவர், நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையில் டோபமின் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டனர். 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்பவர் டோபாவை வாய்வழியே பேரளவில் கொடுத்து, அசையாதிருந்தவர்களை நடக்கச் செய்தார். கார்ல்சன் 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

இம்மருந்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. வேலிகளில் படர்ந்து, காயின் சுனை பட்டால் மேனியெங்கும் அரிப்பெடுக்கச் செய்யும் பூனைக்காலிக் கொடியின் விதை இந்திய மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கி வருவது. அவ்விதையில் டோபா இருப்பதை 1937-இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு வேதியியலார் பிரித்தெடுத்துக் காட்டினர்.

வியன்னாக் கண்டுபிடிப்பு உலகெங்கும் பேசப்பட்ட அதே 1960-ஆம் ஆண்டில், ஆலந்து நாட்டில் டென் ஹார்டோக் யாகர், பெத்லம் என்னும் இரு மருத்துவர் மற்றொரு கட்டுரையை வெளியிட்டனர். லூயி உருண்டைகள் மூளைக்கு வெளியேயும், உள்ளுறுப்புகளை ஆளும் நரம்பு முடிச்சுகளிலும் காணப்படுகின்றன என்பது அதன் சாரம். நடுக்குவாதம் மூளையோடு முடியும் நோயன்று என்று அக்கட்டுரை உணர்த்தியது. டோபமின் தந்த வெற்றியின் ஒளியில் அது போதிய கவனம் பெறவில்லை. நடக்க முடியாதவர் நடக்கும்போது, அவர் வயிற்றைப் பற்றி யார் வினவுவார்?

குடலிலேயே கிடைத்த சான்று

1980-களில் நிலைமை மாறியது. 1984-இல் அமெரிக்காவில் குவால்மன் என்பவரும் அவர் குழுவினரும் நடுக்குவாத நோயாளரின் உணவுக்குழாய் நரம்புகளில் லூயி உருண்டைகளைக் கண்டனர். 1988-இல் ஜப்பானிய அறிஞர் வகபயாஷி குழுவினர், அவர்பாக், மைஸ்னர் ஆகியோர் ஒரு நூற்றாண்டுக்கு முன் கண்ட பின்னல்களில் அவ்வுருண்டைகள் இருப்பதை விளக்கினர். தனித்தனியே நடந்துவந்த மூளை ஆராய்ச்சியும் குடல் ஆராய்ச்சியும் இங்கே ஒன்றுகூடின.

உருண்டைகள் எதனால் ஆனவை என்பது 1997-இல் தெளிவாயிற்று. இத்தாலியில் கோந்தூர்சி என்னும் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்திலும், சில கிரேக்கக் குடும்பங்களிலும் நடுக்குவாதம் வழிவழியாக வந்தது. அவர்களிடம் ஆல்பா சைனுக்ளின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபுக்கூறு பழுதுற்றிருப்பது கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்பில்லாந்தினி, கோடர்ட் முதலியோர், மரபுப் பழுது இல்லாத நோயாளரின் லூயி உருண்டைகளும் அப்புரதத்தால் ஆனவையே என்று காட்டினர். நரம்பணுக்களில் இயல்பாக உள்ள இப்புரதம், உருத்திரிந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்போது நோய்க்கு அடையாளமாகிறது. இவ்வறிவு கிடைத்ததும், உடலின் எப்பகுதியில் எத்தனை திரள்கள் உள்ளன என்பதைச் சாயமேற்றித் தேடுவது எளிதாயிற்று.

ஹவாய்த் தீவின் கணக்கு

திரள்கள் குடலில் இருக்கின்றன, சரி. ஆனால் அவை முன்னே வந்தவையா, பின்னே வந்தவையா? இறந்தோரின் உடல் இதற்கு விடை கூறாது. உயிரோடிருப்பவர்களை ஆண்டுக்கணக்கில் கண்காணித்தால்தான் விடை கிடைக்கும்.

ஹவாயின் ஓவாஹு தீவில் வாழும் ஜப்பானிய மரபினரான ஆடவரிடம் இதய நோய் பற்றிய நீண்டகால ஆய்வு ஒன்று நடந்துவந்தது. 1971 முதல் 1974 வரை அவர்களிடம் கேட்கப்பட்ட வினாக்களுள், நாளொன்றுக்கு எத்தனை முறை மலம் கழிகிறது என்பதும் ஒன்று. நடுக்குவாதம் இல்லாத 51 முதல் 75 வயது வரையிலான 6,790 பேர் 24 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். அவர்களுள் 96 பேருக்கு நடுக்குவாதம் வந்தது. 2001-இல் வெளியான முடிவு இது: நாளுக்கு ஒருமுறைகூட மலம் கழியாதவருக்கு, நாளுக்கு ஒருமுறை கழிவோரைவிட இந்நோய் வரும் வாய்ப்பு 2.7 மடங்காக இருந்தது. வினாவுக்கு விடையளித்த நாளுக்கும் நோய் தோன்றிய நாளுக்கும் இடையே சராசரியாக 12 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இக்கணக்கைத் தவறாகக் கொள்ளுதல் கூடாது. மலச்சிக்கல் உடைய பதினாயிரம் பேரை ஓராண்டு கண்காணித்தால், அவர்களுள் நடுக்குவாதம் தோன்றுவது ஏறத்தாழ 19 பேருக்கே. மலச்சிக்கல் உடையோருள் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. உணவில் நார்ப்பொருள் குறைவு, நீர் குறைவு, வேறு மருந்துகள் என அதற்குக் காரணங்கள் பல. ஆகவே இச்செய்தி யாரையும் அஞ்சச் செய்வதற்கன்று. முதுமையும் மருந்துமே குடல் மந்தத்திற்குக் காரணம் என்று சார்க்கோ காலமுதல் நிலவிய விளக்கம் போதாது என்பதையே இது நிறுவுகிறது. நடுக்குவாத மருந்து எதனையும் உட்கொள்ளாதபோதே அவர்களின் குடல் மந்தமாக இருந்ததன்றோ?

பிராக்கின் கொள்கை

2003-ஆம் ஆண்டில் செருமனியின் பிராங்க்பர்ட் நகரைச் சேர்ந்த ஹைக்கோ பிராக் என்னும் உடற்கூற்று அறிஞர் புதிய கொள்கை ஒன்றை வகுத்தார். இறந்தோர் பலரின் மூளைகளை ஆராய்ந்து, திரள்கள் பரவும் முறையை ஆறு படிகளாக அவர் பிரித்தார். முதற்படியில் அவை முகுளத்திலுள்ள வேகஸ் பிறப்பிடத்திலும், முகரும் உணர்வுக்குரிய பகுதியிலும் காணப்படுகின்றன. மூன்றாம் படியிலேதான் கரும்பொருளைத் தொடுகின்றன. இறுதிப் படிகளில் பெருமூளையின் புறணியை எட்டுகின்றன. கை நடுங்கத் தொடங்கும்போது நோய் பாதி வழியைக் கடந்துவிட்டது என்பது இதன் பொருள். நோயாளருள் பலர் நடுக்கத்திற்கு முன்னரே முகரும் ஆற்றலை இழப்பதற்கும் இதனால் விளக்கம் கிடைத்தது.

பிராக் இன்னும் ஒரு படி சென்றார். ஏதோ ஒரு கிருமியோ நச்சுப்பொருளோ மூக்கு வழியாகவும் குடல் வழியாகவும் உட்புகுந்து, குடற்பின்னலில் புரதத்தைத் திரளச் செய்கிறது. அத்திரட்சி வேகஸ் நரம்பின் வழியே மேலேறி மூளையை அடைகிறது என்பது அவர் கருத்து. 2006-இல் குடற்பின்னல்களிலும் திரள்களைக் கண்டு அவர் தம் கொள்கைக்கு வலுவூட்டினார்.

ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்குத் திரட்சி தாவுமா? 2008-இல் இதற்கு எதிர்பாராத சான்று கிடைத்தது. முன்னாளில் நடுக்குவாத நோயாளர் சிலரின் மூளையில், கருவிலிருந்து எடுத்த இளம் நரம்பணுக்களைப் பதியம் வைத்திருந்தனர். பத்தாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து அவர்கள் இறந்தபின் ஆராய்ந்தபோது, பதியமிட்ட இளம் அணுக்களிலும் லூயி உருண்டைகள் தோன்றியிருந்தன. நோயாளியின் அணுக்களிலிருந்தே அவை தொற்றியிருக்க வேண்டும் என்று பலர் கருதினர். 2019-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், திரண்ட புரதத்தை எலிகளின் குடற்சுவரில் செலுத்தினர். அது படிப்படியாக மூளைக்கு ஏறியது. வேகஸ் நரம்பை அறுத்திருந்த எலிகளில் அது ஏறவில்லை.

நரம்பு அறுக்கப்பட்ட மனிதர்கள்

எலிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா? நோயை ஆராய்வதற்காக ஒருவரின் நரம்பை அறுப்பது அறமாகாது. ஆனால் வேறொரு நோய்க்காக அது முன்னரே செய்யப்பட்டிருந்தது. 1943-இல் சிகாகோ நகரில் டிராக்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர், குடற்புண்ணைக் குணப்படுத்துவதற்கு வேகஸ் நரம்பை அறுக்கும் முறையைக் கையாண்டார். அமிலச் சுரப்பு குறைந்து புண் ஆறியது. 1970-களின் பிற்பகுதியில் அமிலத்தைத் தணிக்கும் புதிய மாத்திரைகள் வரும்வரை உலகெங்கும் இவ்வறுவை பெருவழக்காக இருந்தது.

டென்மார்க்கில் மருத்துவப் பதிவுகள் ஒழுங்காகப் பேணப்படுகின்றன. 2015-இல் ஆர்ஹூஸ் நகர ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்ந்து, வேகஸ் நரம்பின் அடித்தண்டே அறுக்கப்பட்டவர்களுக்கு நடுக்குவாதம் குறைவாக வந்தது என்றும், சிறு கிளைகள் மட்டும் அறுக்கப்பட்டவர்களுக்கு அத்தகைய வேறுபாடு இல்லை என்றும் வெளியிட்டனர். அதே ஆண்டில் வேறு சிலர் டென்மார்க்குப் பதிவுகளையே மீண்டும் கணக்கிட்டு, வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை என மறுத்தனர். 2017-இல் வெளியான சுவீடன் கணக்கு இடைப்பட்டதாக இருந்தது: மொத்தத்தில் வேறுபாடு இல்லை, அடித்தண்டு அறுக்கப்பட்டவர்களிடம் மட்டும் நோய் குறைவதற்கான சாயல் இருந்தது.

குடல்வாலைப் பற்றியும் இத்தகைய வழக்கு உண்டு. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், சுவீடன் நாட்டுப் பதினாறு இலட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு, குடல்வால் அகற்றப்பட்டோருக்கு நடுக்குவாதம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வருகிறது என்றனர். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பதிவுகளை ஆராய்ந்த வேறு சிலர் நேர்மாறான முடிவைச் சொன்னார்கள். இதில் ஒரு வரலாற்று ஒற்றுமை உண்டு. குடல்வால் துளைபட்டு இறந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 1812-இல் வெளியான கட்டுரை, ஆங்கிலத்தில் அந்நோயைக் குறித்த மிகப் பழைய பதிவுகளுள் ஒன்றாகும். அதனை எழுதியவர் பார்க்கின்சனின் மகன். கழகத்திற்கு அளித்தவர் பார்க்கின்சன்.

ஒரு நோயா, இரு வழியா?

பிராக்கின் கொள்கைக்கு வேறு தடைகளும் எழுந்தன. சில நோயாளரின் மூளையில் மேற்பகுதிகளில் திரள்கள் நிரம்பியிருந்தும் வேகஸ் பிறப்பிடத்தில் அவை இல்லை. குடலே மூலமாயின் இது எவ்வாறு கூடும்? 2019-இல் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தின் பெர் போர்ஹாமர் ஒரு சமாதானம் கூறினார். நடுக்குவாதத்திற்கு இரு தொடக்கங்கள் உண்டு. ஒருவகையில் நோய் உடலில், குறிப்பாகக் குடலில் தொடங்கி மூளைக்கு ஏறுகிறது. மற்றொரு வகையில் மூளையில் தொடங்கி உடலுக்கு இறங்குகிறது. முதல் வகையினருக்கு மலச்சிக்கலும், கனவில் கைகால்களை வீசி அலறும் உறக்கக் கேடும் முன்னே வரும். இரண்டாம் வகையினருக்கு அவை நடுக்கத்தின் பின்னே வரும். உயிரோடிருப்பவரின் உறுப்புகளைப் படமெடுக்கும் முறைகளால் அவர் குழுவினர் இதற்குச் சான்று தேடி வருகின்றனர். இது முடிந்த முடிபன்று. எனினும் முரணாகத் தோன்றிய பல செய்திகளை ஓரளவு இணைத்துக் காட்டுகிறது.

நோயாளிக்கு என்ன பயன்?

இவ்வாராய்ச்சியால் நோயாளி பெறும் பயன் யாது? முதலாவது, மருந்தின் பயன். லெவோடோபா என்னும் மாத்திரை சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. இரைப்பை மந்தமானால் மாத்திரை அங்கேயே தங்கிவிடும். கை நடுக்கம் உரிய நேரத்தில் தணியாது. மேலும், பருப்பு, மீன், இறைச்சி முதலிய புரத உணவோடு உட்கொண்டால் அவற்றின் கூறுகளும் மாத்திரையும் ஒரே வாயிலில் நுழையப் போட்டியிடும். ஆகவே குடலைக் கவனிக்காமல் கைக்கு மட்டும் மருத்துவம் செய்வது அரை மருத்துவமே. மருந்துண்ணும் நேரத்தையும் உணவையும் மருத்துவரிடம் கேட்டு ஒழுங்கு செய்துகொள்வது இதனாலேயே தேவையாகிறது.

இரண்டாவது, காலத்தின் பயன். நடுக்கம் வெளிப்படும்போது கரும்பொருளின் டோபமின் அணுக்களுள் ஏறத்தாழப் பாதி அழிந்துவிட்டிருக்கும் என்று மதிப்பிடுகின்றனர். அழிந்த அணுக்கள் மீளா. இன்றுள்ள மருந்துகள் துன்பத்தைத் தணிப்பவை. நோயை நிறுத்துபவை அல்ல. நோய் குடலில் தொடங்குவது உண்மையாயின், அதற்கும் மூளை சிதைவதற்கும் இடையே பத்தாண்டோ அதற்கு மேலோ இடைவெளி இருக்கும். எதிர்காலத்தில் நோயைத் தடுக்கும் மருந்து ஒன்று காணப்படுமானால், அது பயன்படவேண்டிய காலம் அவ்விடைவெளியே.

மூன்றாவது, நோயாளியின் சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்பு. கை நடுக்கத்தைப் பிறர் காண்பர். வயிற்றின் துன்பத்தை நோயாளி ஒருவரே அறிவார். அதைச் சொல்லக் கூசுவோர் பலர்; சொன்னாலும் முதுமையின் இயல்பு என்று கேட்டவர் விட்டுவிடுவதே வழக்கம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் செய்த பிழையும் இதுவே. வீட்டிலுள்ள முதியவர், மணம் தெரியவில்லை, வயிறு கழியவில்லை, உறக்கத்தில் உதைக்கிறேன் என்று சொன்னால், அச்சொற்களைச் செவிமடுத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வது இளையோர் கடமையாகும்.

பார்க்கின்சனிடம் நுண்ணோக்கியால் கண்ட சான்று இல்லை. பிணத்தை அறுத்து ஆராயும் வாய்ப்பும் அவருக்கு வாய்க்கவில்லை. அவரிடம் இருந்தவை கூர்ந்த பார்வையும், கண்டதில் எதையும் விலக்காமல் எழுதும் நேர்மையுமே. நடுக்கத்தோடு சேராத செய்தி என்று குடலைப் பற்றிய வரிகளை அவர் நீக்கியிருக்கலாம், நீக்கவில்லை. குடலிலிருந்து முகுளத்திற்குச் செல்லும் வழி யாது என்று 1817-இல் அவர் காட்ட இயலாமல் விட்ட வினாவுக்கு, வேகஸ் நரம்பு என்னும் பாதி விடை இன்று கிடைத்திருக்கிறது. குடலில் அதனைத் தொடங்கி வைப்பது யாது என்னும் மறுபாதியை ஆராய்ச்சி உலகம் தேடிக்கொண்டிருக்கிறது.